நீல மூடியும் கறுப்பு மூடியும்

சனிக்கிழமை காலை, அடுப்பிலிருந்து பன் தட்டுகள் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஜெப்சனின் பேக்கரிக்குள் ஒரு பெண் வந்தாள். கண்ணாடிப் பெட்டியில் இருந்த எதையும் அவள் பார்க்கவில்லை. கையில் பத்து லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்றைப் பிடித்திருந்தாள். கேன் காலி. ஆனாலும் கனமான எதையோ தூக்கி வந்தவள் போல அவள் தோள் சரிந்திருந்தது.

"ஏனுங்கண்ணா, லூர்துசெல்வி அக்கா இருக்கறாங்களா?"

ஜெப்சன் கை மாவைத் தட்டிவிட்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். அவன் மனைவி லூர்துசெல்வி, அடிபட்ட வண்டிகளைப் பார்வையிட்டு இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு அறிக்கை எழுதும் சர்வேயர். ஏற்காட்டு மலைப்பாதை இருக்கும்வரை அவளுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. பதினெட்டு வருடமாக வண்டிகளையும் வண்டிக்காரர்களின் பொய்களையும் பார்த்துவிட்டதால் எதற்கும் பதறமாட்டாள். பதறுகிற வேலையை ஜெப்சன் எடுத்துக்கொண்டிருந்தான். மனைவியிடம் வரும் ஒவ்வொரு வழக்கிலும் குற்றவாளி யார் என்று ஒரு சின்ன நோட்டில் முன்கூட்டியே எழுதி வைப்பான். இதுவரை ஒரு தடவையும் சரியாக வந்ததில்லை.

"உக்காரு கண்ணு. முதல்ல டீயக் குடி," என்றாள் லூர்துசெல்வி.

வந்தவள் பெயர் கவிப்பிரியா. வயது இருபத்தேழு. செம்மநத்தத்துக்காரி. சொந்தமாக ஒரு வேன் வைத்து, மலைக்கிராமத்துப் பிள்ளைகளை டவுன் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து வருகிறாள்.

"வியாழக்கெழம காலைல, பதினோரு புள்ளைங்களோட வரும்போது, எறக்கத்துல என்ற வண்டி நின்னு போச்சுங்க்கா. இஞ்சின் அணைஞ்சதும் ஸ்டேரிங் கல்லாட்டம் ஆயிருச்சு. பிரேக்கு மிதிச்சா எறங்கல. ஒரு பக்கம் பள்ளம். ஹேண்ட் பிரேக்கப் புடிச்சு இழுத்து, மண்மேட்டுல ஒரசி நிறுத்தினனுங்க. புள்ளைங்களுக்கு ஒரு கீறல் இல்ல. ஆனா..."

"ஆனா?"

"மெக்கானிக் ஜேசுதாஸ் அண்ணன் டேங்கத் தொறந்து பாத்தாரு. டீசலுக்கு அடியில யூரியாத் தண்ணி. புதன்கெழம சாயங்காலம்தான் நான் யூரியா ஊத்தினேன். நான் ஓட்டை மாறி ஊத்திட்டேன்னு சொல்றாங்க."

ஜெப்சன் விழித்தான். "வண்டிக்கு எதுக்குங்க யூரியா? வயலுக்குத்தான போடுவாங்க?"

"புதுசா வர்ற டீசல் வண்டிக்கெல்லாம் இது வேணும்," என்றாள் லூர்துசெல்வி. "புகையில இருக்கற நஞ்சைக் குறைக்கறதுக்கு. சுத்தமான தண்ணியில யூரியா கலந்து கேன்ல விப்பாங்க. அதுக்குத் தனி டேங்க், நீல மூடி. டீசலுக்குக் கறுப்பு மூடி. நீலத்துக்குப் போறது கறுப்புக்குள்ள போச்சுன்னா, அத்தோட இஞ்சின் படுத்துரும்."

கவிப்பிரியா தலையசைத்தாள். "இன்னைக்கு நாலு மணிக்குப் பெத்தவங்க கூட்டம் போட்டிருக்காங்க. ஜெயகுமாரி மேடம்தான் தலைவி. நான் கவனக்குறைவா ஊத்தினேன்னு முடிவாச்சுன்னா ரூட்டு போயிரும். அது போச்சுன்னா இந்த மலையில ஒருத்தரும் என்ற வண்டியில புள்ளைய ஏத்த மாட்டாங்க." அவள் குரல் தாழ்ந்தது. "நான் மாத்தி ஊத்தலீங்க்கா. ஆனா எல்லாரும் சொல்லச் சொல்ல, ஒருவேளை ஊத்திட்டேனோன்னு எனக்கே தோணுது. வெங்கடேஷ் கூட, 'தப்பு யாருக்கும் வரும், விட்டுரு கவி, மனசப் போட்டு அலட்டிக்காதே'ங்கறாரு."

"வெங்கடேஷ்?"

அவள் முகம் முதன்முறையாகத் தெளிந்தது. "என்னக் கட்டிக்கப் போறவருங்க. வர்ற தை மாசம் கல்யாணம். பக்கத்து எஸ்டேட்ல கணக்கெழுதற ரைட்டரா இருக்கறாரு. பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ஸ்டேரிங்குன்னு ஊரே சிரிச்சப்ப, அவரு ஒருத்தருதான் ஓட்டுன்னாரு. வியாழக்கெழம கூட, வண்டி நின்ன அஞ்சாவது நிமிஷம் எஸ்டேட் ஜீப்பக் கொண்டாந்துட்டாருங்க. எல்லாப் புள்ளைங்களையும் ஏத்தி, மணியடிக்கறதுக்குள்ள பள்ளிக்கூடத்துல விட்டாச்சு. அன்னைக்கு விடியறப்பவே போன் பண்ணி, 'உன் குரல் கம்மியிருக்குது, இன்னைக்கு லீவு போட்டுரு'ன்னு கெஞ்சினாரு. நான்தான் கேக்கல."

"குடுத்து வெச்சவ நீ," என்றான் ஜெப்சன், மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தபடி. லூர்துசெல்வி டீ தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"உன்னைப் புடிக்காதவங்க யாராச்சும் இருக்காங்களா கண்ணு?"

"ஐயாக்கண்ணு மாமன். பக்கத்து ஊடு. அம்மாவுக்குத் தம்பி. அவரு ஜீப்புலதான் முன்ன புள்ளைங்க போகும். என்ற வேன் வந்ததும் எல்லாரும் இங்க மாறிட்டாங்க. ரெண்டு வருஷமா எங்கிட்டப் பேச்சில்லீங்க."

ஜெப்சன் நோட்டை எடுத்து, ஐயாக்கண்ணு என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டான்.

ஜேசுதாஸின் ஷெட்டில் வேன் நின்றது. பக்கவாட்டில் மண்மேடு கீறிய நீளக் கோடு.

"பாக்கறதுக்கு என்னங்க இருக்குது?" என்றார் ஜேசுதாஸ், எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே. "எட்டு லிட்டருக்குக் குறையாம யூரியாத் தண்ணி எறக்கியிருக்கேன். பில்டர் காஞ்சதும் உப்புப் பூத்தாப்புல வெள்ளையா நின்னுது. பாப்பாகிட்ட இருந்தது ஒரே கேன். அதுவும் காலி. கணக்கு நேராத்தான இருக்குது?"

"நேராத்தான் இருக்குது," என்றாள் லூர்துசெல்வி. "கவி, புதன்கெழம நீ எப்படி ஊத்தினேன்னு அப்படியே செஞ்சு காட்டு. கேன்ல இருக்கறதா நெனச்சுக்க."

கவிப்பிரியா வெட்கத்தோடு ஆரம்பித்தாள். சில நொடிகளில் வெட்கம் போய், கைகளில் பழக்கம் வந்துவிட்டது.

"மட்டமான எடத்துல நிறுத்தி, இஞ்சின அணைச்சு, கொஞ்ச நேரம் ஆற விடுவேன். கையுறை போட்டுக்குவேன். சாவி போட்டு இந்த மூடியத் தொறப்பேன்." வேனின் பக்கவாட்டில் இருந்த சதுர மூடி திறந்தது. உள்ளே குழிவான இடத்தில் இரண்டு மூடிகள். ஒன்று சின்ன நீல மூடி. பக்கத்தில் பெரிய கறுப்பு மூடி, அதிலும் பூட்டு. "நீலத்தத் திருகி எடுத்து, சுத்தமான துணியில வெப்பேன், மண்ணு படக்கூடாது. கேனோட ஒரு குழாய் வரும், அத மாட்டித்தான் ஊத்துவேன். டீசல் தொட்ட புனல் எதையும் கிட்டக் கொண்டாரமாட்டேன். கழுத்து வரைக்கும் நிரப்பாம, கொஞ்சம் எடம் விட்டு நிறுத்துவேன். அப்பறம் ஈரத்துணியில இந்தக் குழி முழுக்கத் தொடச்சிருவேன். ஒரு சொட்டு காஞ்சாலும் வெள்ளையா ஒட்டிக்கும், இரும்ப அரிக்கும்."

"ஒவ்வொரு தடவையும் தொடைப்பியா?"

"சோறு தின்னா கை கழுவற மாதிரிங்க்கா."

லூர்துசெல்வி குனிந்து குழிக்குள் டார்ச் அடித்தாள். நீல மூடியைச் சுற்றிப் பளிச்சென்று இருந்தது. கறுப்பு மூடிக்குக் கீழே ஒரு தாரை வழிந்து, கெட்டியாகக் காய்ந்திருந்தது. சுத்த வெள்ளையாக இல்லை, மங்கிய மஞ்சள்.

"ஜேசுதாஸ் அண்ணா, நீல மூடியத் தொறந்து பாத்தீங்களா?"

"அது எதுக்குங்க? கோளாறு டீசல்லதான?"

"இப்பத் தொறங்க."

திறந்தார். டார்ச் வெளிச்சத்தில், கழுத்துக்கு நாலு விரல் கீழே, தெளிந்த நீர் மினுங்கியது. ஜேசுதாஸின் வாய் சற்றே திறந்து, திறந்தபடியே நின்றது.

லூர்துசெல்வி கறுப்பு மூடிக்குக் கீழே காய்ந்திருந்ததைச் சுரண்டி, ஜேசுதாஸிடம் வாங்கிய ஒரு தம்ளர் வெந்நீரில் போட்டாள். இன்னொரு தம்ளரில் கேனின் அடியில் ஒட்டியிருந்த சொட்டுகளை விட்டாள். இரண்டையும் கணவனிடம் நீட்டினாள். பேக்கரிக்காரன் மூக்கு, வெண்ணெய் ஒரு நாள் பழசானாலும் கண்டுபிடித்துவிடும்.

"கேன்ல இருந்ததுக்கு வாடையே இல்ல," என்றான் ஜெப்சன். "இன்னொன்னுல டீசல் வருது. அதுக்கு மேல... இரு செல்வி. கசப்பா, தலையில தேய்க்கற மாதிரி... வேப்பெண்ணெய்!"

மங்கலாகக் கலங்கிய நீரின்மேல் மெல்லிய படலம் மிதந்தது. லூர்துசெல்வி இரண்டு தம்ளரையும் படம் எடுத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு செம்மநத்தம் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வந்துரலாங்க," என்றாள் கணவனிடம்.

ஐயாக்கண்ணு தன் வீட்டு வாசலில் காப்பிப் பழத்தைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். பின்னால் அவருடைய பழைய ஜீப், கண் தெரியாத கிழட்டு மாடு போல நின்றது.

"ஆமாங்க, நான் அப்பவே சொன்னேன், புதுவண்டி பவுசெல்லாம் நாலு நாளைக்குன்னு," என்றார். "என்ற ஜீப்புக்கு டீசல் ஊத்துனாப் போதும். இவ வண்டிக்குப் பால் குடுக்கணும், பன்னு குடுக்கணும்."

"புதன்கெழம சாயங்காலம் நீங்க எங்க இருந்தீங்க?" என்று ஜெப்சன் பாய்ந்தான்.

"இங்கதான். அக்காளும் புள்ளையும் வண்டிய ஊட்டுலயே விட்டுட்டு, கல்யாணப் பத்திரிகை வெக்க வெள்ளக்கடைக்குப் போனாங்க. ஊட்டச் சும்மா சாத்திட்டுப் போறதுதான் எங்க ஊரு வழக்கம்."

கவிப்பிரியாவின் வீட்டுக்குள் வேனின் மாற்றுச்சாவி ஓர் ஆணியில் தொங்கியது. "இங்க யாருங்க்கா திருடப்போறா? அம்மாவப் பாக்க மாமன் வருவாரு, வெங்கடேஷ் வருவாரு, அவ்வளவுதான்," என்றாள்.

"வண்டி நின்ன எடத்துல செல்லு எடுக்குமா கண்ணு?"

"அந்த எறக்கத்துலயா? மருந்துக்குக் கூட டவர் கெடையாதுங்க."

பாதையில் காப்பிப் பழம் பறித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த மாரியம்மாள் என்ற பெண் கவியைக் கண்டு நின்றாள். அவள் மகளும் அன்று வேனில் இருந்தாள். "எம்புள்ள உசுரக் காப்பாத்தின தாயி!" என்று கவியின் கன்னத்தை வழித்தாள். பிறகு வந்தவர்களிடம் தன் குறைகளைக் கொட்டினாள்: பழம் இந்த வருஷம் சிறுத்துப்போச்சு, அட்டை கடிக்குது, மேஸ்திரிக்கு வாய் நீளம். "பத்தாததுக்கு, ரைட்டர் புதன்கெழம சாயங்காலம் வந்து, நாளைக்கு ஜீப்பு வராது, எல்லாரும் நடந்தே வந்துருங்கன்னுட்டாரு. மூணு மைலுங்க! காலு வீங்கிப் போச்சு."

லூர்துசெல்வி அவளை இரண்டு நிமிடம் தனியாக அழைத்துப் பேசினாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தைப் பார்த்து ஜெப்சன் கேட்க வந்ததை விழுங்கினான். இறக்கத்தில் நடக்கும்போது மட்டும் மெல்ல, "மாமன்தான, செல்வி?" என்றான்.

"உங்க நோட்ட உள்ள வைங்க," என்றாள் அவள். "இன்னைக்கு நான் சொல்லப்போறது அந்தப் புள்ளைக்குச் சந்தோசத்தக் குடுக்காது."

நாலு மணிக்குப் பள்ளிக்கூட அறையில் இருபது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். மேசைக்குப் பின்னால் ஜெயகுமாரி. ஜேசுதாஸ், ஐயாக்கண்ணு, மாரியம்மாள் மூவரையும் லூர்துசெல்வி கேட்டு வரவழைத்திருந்தாள். வெங்கடேஷ் கவிப்பிரியாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மெலிந்த, சாந்தமான முகம். அவளுக்காகப் பிளாஸ்கில் காப்பி கொண்டு வந்திருந்தான்.

"சுருக்கமாச் சொல்லுங்க," என்றார் ஜெயகுமாரி. "இந்தப் பொண்ணு மாத்தி ஊத்துச்சா, இல்லையா?"

"இல்லீங்க மேடம். அவகிட்ட இருந்தது ஒரு கேன். அந்தக் கேன் பூராவும் நீல மூடி டேங்க்குல இருக்குது. ஜேசுதாஸ் அண்ணனே கண்ணால பாத்தாரு. அப்ப டீசல்ல இருந்த எட்டு லிட்டர் எங்கிருந்து வந்துச்சு?"

"ஆமாங்க," என்றார் ஜேசுதாஸ் தலையைக் குனிந்தபடி. "அத மொதல்லயே தொறந்து பாக்காதது என் தப்புதான்."

"கவி ஊத்தி முடிச்சா குழியத் தொடச்சுருவா. ஆனா கறுப்பு மூடிக்கு அடியில ஒரு தாரை காஞ்சு கெடந்துச்சு. அவ தொடச்ச பெறகு வந்தவங்க சிந்தினது அது. மஞ்சளா இருந்துச்சு, வேப்பெண்ணெய் வாடை அடிச்சுது. கேன்ல விக்கற சரக்குல வேப்பெண்ணெய் கெடையாதுங்க. மூட்டையில வர்ற உர யூரியாவுக்குத்தான் வேப்பெண்ணெய் பூசி விடறாங்க. தோட்டங்காட்டுல பொழைக்கற யாரோ, வண்டி யூரியாவும் இதும் ஒண்ணுதான்னு நெனச்சு, மூட்டையத் தண்ணியில கரைச்சு ஊத்தியிருக்காங்க. பாக்கறதுக்கு கவியோட கைத்தப்பு மாதிரியே தெரியணும்னு."

எல்லோர் கண்களும் ஐயாக்கண்ணுவிடம் திரும்பின. அவர் எழுந்துவிட்டார். "என்னையச் சொல்றியா? எங்கிட்ட யூரியா இருக்குது, இந்த மலையில எவங்கிட்ட இல்ல? பதினோரு புள்ளைங்க இருந்த வண்டி அது! பேச்சில்லீன்னா அக்கா மகளக் கொன்னுபோடுவனா?"

"உக்காருங்க மாமா, நீங்க இல்ல," என்றாள் லூர்துசெல்வி. "மூடிய ஒடைக்கல, சாவி போட்டுத் தொறந்திருக்குது. அந்த ஊட்டுக்குள்ள ஒரிமையாப் போய் வர்றவங்க ரெண்டு பேரு. அதுல ஒருத்தருக்கு, வியாழக்கெழம வண்டி நிக்கும்னு புதன்கெழமயே தெரிஞ்சிருக்குது." அவள் வெங்கடேஷின் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை. "தம்பி, வண்டி நின்னது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"கவி போன் பண்ணினாங்க," என்றான் அவன் உடனே.

"நானா?" என்றாள் கவிப்பிரியா. குற்றம் சாட்டும் குரல் அல்ல, மறந்துபோனவருக்கு ஞாபகப்படுத்தும் குரல். "அங்க டவரே இல்லீங்களே. நீங்கதான் வந்தீங்க."

"ஆமா... ஆமா. ஆளுங்கள ஏத்தறதுக்காக அந்தப் பக்கம் வந்துட்டிருந்தேன்."

"மாரியம்மா," என்றாள் லூர்துசெல்வி.

மாரியம்மாள் எழுந்து நின்றாள். விஷயம் அவளுக்கு அப்போதுதான் புரியத் தொடங்கியிருந்தது. "நீங்கதானுங்க ரைட்டரே முந்தின நாளே வந்து, ஜீப்பு வராது, நடந்து வாங்கன்னீங்க? பறிக்கற சீசன்ல என்னைக்கும் அப்படிச் சொன்னதில்லையேன்னு கூட நாங்க பேசிக்கிட்டோம்." அவள் அவனை நோக்கி ஓரடி வைத்தாள். "எம்புள்ள அந்த வண்டியில இருந்துச்சுங்க."



"காலி ஜீப்பு வேனுக்குப் பின்னாலயே எறக்கத்துல வந்துச்சு," என்றாள் லூர்துசெல்வி. "விடியக்காலையில பயந்து போய்த்தான் லீவு போடச் சொல்லிக் கெஞ்சியிருக்கீங்க. புள்ளைங்களுக்கு ஆபத்து வரக்கூடாதுங்கற எண்ணம் உங்களுக்கு இருந்துச்சு. அவளுக்குக் கெட்ட பேரு வரணுங்கறதும் இருந்துச்சு."

வெங்கடேஷ் பிளாஸ்கின் மூடியைத் திருகினான்.

"ஊரு எல்லை தாண்டறதுக்குள்ள, மட்டத்துலயே நின்னுரும்னு நெனச்சேன்," என்றான். "எறக்கம் வரைக்கும் போகும்னு தெரியாதுங்க. சத்தியமா தெரியாது." கவிப்பிரியாவிடம் திரும்பினான். "நீ ஓட்டறத அம்மா ஒத்துக்கல கவி. டிரைவர் மருமகளக் கூட்டிட்டு வாசப்படி மிதிக்காதேன்னுட்டாங்க. அவங்ககிட்டயும் பேச முடியல. உங்கிட்டப் போய் நிறுத்துன்னு சொல்லவும் வாய் வரல. நான்தான உன்ன ஓட்டச் சொன்னேன்? நீயா விட்டுட்டா யாருக்கும் கஷ்டம் இல்லைன்னு... உன்ன எழந்துரக் கூடாதுன்னுதான்."

கவிப்பிரியா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரிந்த வீட்டின் கதவைத் திறந்து, உள்ளே வேறு யாரோ குடியிருப்பதைக் கண்டவள் போல.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா நிறுத்தியிருப்பேன்," என்றாள். "அழுதிருப்பேன், ஆனா நிறுத்தியிருப்பேன். உனக்காக அதையும் செய்யற எடத்துலதான் நான் இருந்தேன் வெங்கடேஷ்." அதுவரை அவனை 'ங்க' போடாமல் அவள் அழைத்ததே இல்லை. "மூணு நாளா எம்பக்கத்துல உக்காந்து, தப்பு யாருக்கும் வரும்னு தலையத் தடவுனியே. அப்பக் கூடவா சொல்ல வரல? என்ற கை மேலயே எனக்குச் சந்தேகம் வந்துருச்சு."

"கவி..."

"எந்திரிச்சுப் போ."

அவன் போனான். வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். யாரும் பார்க்கவில்லை. இரண்டு அப்பாக்கள் அவன் பின்னாலேயே எழுந்து போனார்கள். போலீஸில் எழுதிக் கொடுப்பது பற்றிப் பேசும் குரல்கள் தாழ்வாரத்தில் கேட்டன.

ஜெயகுமாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரூட்டை எடுப்பது பற்றி அவர் பேசவே இல்லை.

"வண்டி எப்பத் தயாராகும்?" என்று ஜேசுதாஸைக் கேட்டார்.

"டேங்க், பைப்பு, பம்ப் எல்லாம் மாத்தணுங்க. பத்து நாளாச்சும் ஆகும்."

"பத்து நாளைக்கு..." என்று ஜெயகுமாரி இழுத்தபோது, ஐயாக்கண்ணு தொண்டையைச் செருமினார்.

"ஜீப்பு சும்மாத்தான நிக்குது," என்றார் யாரையும் பார்க்காமல். "அவளே ஓட்டட்டும். கிளட்ச்சு மட்டும் கொஞ்சம் இறுக்கமா இருக்கும், பழகிக்கணும்."

"திங்கக்கெழம எத்தனை மணிக்கும்மா வருவே?" என்று ஜெயகுமாரி கவிப்பிரியாவைக் கேட்டார்.

"ஏழே முக்காலுக்குங்க மேடம்," என்றாள் அவள். குரல் உடையவில்லை.

கூட்டம் கலைந்தது. பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவள் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். எல்லோரும் போனபின் அவள் லூர்துசெல்வியின் பக்கத்தில் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். வெளியே மூடுபனி விளையாட்டுத் திடலை மறைத்திருந்தது.

"ரெண்டு வருஷமா அவன் எங்கிட்ட எத்தனையோ நல்ல வார்த்தை சொல்லியிருக்கான் அக்கா," என்றாள். "இனி ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்கணும் போல இருக்குது. எது நெசம், எது இல்லைன்னு. அதை எப்படிக் கண்டுபிடிக்கறதுங்க்கா?"

ஜெப்சன் ஆவலோடு மனைவியின் முகத்தைப் பார்த்தான். லூர்துசெல்வி அந்தப் பெண்ணின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.